யூத மதம் எப்போது தொடங்கியது? அதன் அடிப்படை நம்பிக்கை எது?

தேடல்:

யூத மதத்தைப் பற்றித் தமிழில் கிடைப்பவை ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒரு புத்தகத்தில் "நிறுவியவர் ஆபிரகாம், கி.மு. 2000" என்று இருக்கிறது. இன்னொன்றில் மோசே, கி.மு. 1300. வேறொன்று பாபிலோன் சிறைவாசத்தில்தான் உருவானது என்கிறது. எதைக் கொள்வது?

அடுத்தது, இஸ்லாத்துக்கு ஐந்து கடமைகள், கிறிஸ்தவத்துக்கு விசுவாசப் பிரமாணம் என்று இருப்பதுபோல் இவர்களுக்கு ஒரு பக்கத்தில் அடங்கும் கொள்கைச் சுருக்கம் உண்டா? பத்துக் கட்டளைதான் அதுவா? 613 கட்டளைகள் என்கிறார்களே, அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

"பழைய ஏற்பாட்டை மட்டும் பின்பற்றுகிறவர்கள்" என்று எழுதினால் சரியாக இருக்குமா? ஆண்டும் ஆதாரமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்றைய அரசியல் வேண்டாம்.


கல்லெழுத்து:

ஆபிரகாம் என்பது மரபு சொல்லும் வம்சத்தின் தொடக்கம். மோசே என்பது அதே மரபு சொல்லும் சட்டத்தின் தொடக்கம். பாபிலோன் என்பது வரலாற்று ஆய்வாளர்கள் கேட்கும் வேறொரு கேள்விக்கான பதில். அதனால்தான் புத்தகங்கள் ஒட்டவில்லை. "கி.மு. 2000" என்பது வேதத்தில் உள்ள வயதுகளையும் ஆண்டுகளையும் கூட்டிப் பெற்ற எண். ஆபிரகாமுக்கோ மோசேவுக்கோ அவர்கள் காலத்து வெளிச்சான்று இல்லை.

மண்ணில் கிடைத்ததை வைத்துத் தொடங்கினால், "இஸ்ரேல்" என்று ஐயமின்றிப் படிக்கப்படும் முதல் பெயர் எகிப்தில் இருக்கிறது. பார்வோன் மெர்னெப்தாவின் வெற்றிக் கல்வெட்டு, கி.மு. 1208 வாக்கில் பொறித்தது. 1896இல் தீப்ஸ் நகரில் பிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்தார். கானானில் தோற்றவர்களின் பட்டியலில் அஸ்கலோன், கேசேர் போன்ற ஊர்ப்பெயர்களுக்கு "இடம்" என்ற குறி போட்டிருக்கிறார்கள். இஸ்ரேலுக்கு மட்டும் "மக்கள்" என்ற குறி. ஆக, அப்போது அது ஒரு மக்கள் கூட்டம். அவர்கள் எதைக் கும்பிட்டார்கள் என்று அந்தக் கல் சொல்லவில்லை.

அதைச் சொல்வது சுமார் கி.மு. 840ஐச் சேர்ந்த மேசா கல்வெட்டு (இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது). மோவாப் அரசன் மேசா, நேபோ ஊரைப் பிடித்து இஸ்ரேலின் கடவுளான யாவேயின் பாத்திரங்களைத் தன் தெய்வமான காமோஷின் முன் இழுத்து வந்து போட்டதாகப் பெருமை பேசுகிறான். எதிரி வாயால் வந்த சான்று, அதனால் மதிப்பு அதிகம்.

ஆனால் யாவே ஒருவரை மட்டுமே கும்பிட்டார்களா? இல்லை. சீனாய்ப் பாலைவனத்தில் குன்டில்லத் அஜ்ருத் என்ற இடத்தில் கி.மு. 800ஐ ஒட்டிய பெரிய சாடிகளில் "சமாரியாவின் யாவேயும் அவருடைய அசேராவும்" என்று வாழ்த்து எழுதியிருக்கிறது (அசேரா கானானியப் பெண் தெய்வத்தின் பெயர்). தீர்க்கதரிசிகள் பிற தெய்வ வழிபாட்டைப் பக்கம் பக்கமாகத் திட்டியது வெறும் அலங்காரம் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது; ஊரில் உண்மையிலேயே அதுதான் நடந்தது.

இஸ்ரேல் என்ற வட நாடு கி.மு. 722 வாக்கில் அசீரியரிடம் விழுந்தது. தெற்கே யூதாவில் யோசியா அரசன் கி.மு. 622இல் எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்த்தபோது ஒரு "சட்டப் புத்தகம்" கிடைத்ததாக 2 இராஜாக்கள் 22 சொல்கிறது. அது மோசேயின் ஐந்து நூல்களில் கடைசியான உபாகமத்தின் மூல வடிவம் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. பலி ஓரிடத்தில்தான், அது எருசலேம்தான் என்ற விதி அழுத்தம் பெற்றது அப்போது.

பிறகு கி.மு. 586. பாபிலோனியர் ஆலயத்தை எரித்தார்கள், அரசனைக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி இதற்குப் பொருள் "உங்கள் சாமி தோற்றுவிட்டது". நாடு கடத்தப்பட்டவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள்: எங்கள் கடவுள் தோற்கவில்லை, பாபிலோனை ஏவி எங்களைத் தண்டித்தவரே அவர்தான். இப்படிச் சொன்ன மாத்திரத்தில் அவர் ஒரு நாட்டின் சாமியாக இருக்க முடியாது, உலகம் முழுமைக்கும் உரியவராகிவிடுகிறார். ஏசாயா 45 இதை வெளிப்படையாகப் பேசுகிறது. "என்னைத் தவிர வேறொருவரும் இல்லை" என்ற வரி வரும் அதே அதிகாரம், பாரசீக அரசன் கோரேசை, அதாவது சைரஸை, "அபிஷேகம் பெற்றவன்" என்கிறது. எபிரேயத்தில் அந்தச் சொல் மஷியாக், நாம் மேசியா என்பதுதான்!

சைரஸ் பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539. இரண்டாம் ஆலயம் முடிந்தது 516 வாக்கில். "பாபிலோனில் உருவானது" என்று எழுதுகிறவர்கள் இந்தத் திருப்பத்தைத்தான் சொல்கிறார்கள்.


ஓலைச்சுவடி:

கொள்கைச் சுருக்கம் பற்றி.

கட்டாயமான, எல்லாரும் ஒப்புக்கொண்ட விசுவாசப் பிரமாணம் யூத மதத்தில் இல்லை. அதைத் தேடுவதே வேறு மதத்தின் அளவுகோலை இங்கே வைப்பதாகிவிடும். நெருங்கி வருவது யூத அறிஞர் மைமோனிதேஸ் எழுதிய 13 கொள்கைகள். கோர்தோபாவில் பிறந்து, எகிப்தில் வாழ்ந்து 1204இல் இறந்தவர். வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவுக்கு அரபியில் எழுதிய உரையில், சன்ஹெத்ரின் பகுதியின் பத்தாம் அதிகாரத்தில் இந்தப் பட்டியலைத் தருகிறார். முதல் ஐந்து கடவுளைப் பற்றியவை: இருக்கிறார், ஒருவரே, உடலற்றவர், ஆதியானவர், வழிபாட்டுக்குரியவர் அவர் மட்டுமே. அடுத்த நான்கு வெளிப்பாடு: தீர்க்கதரிசனம் உண்மை, மோசே அனைவரிலும் பெரியவர், தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) கடவுளிடமிருந்து வந்தது, அது மாறாது. கடைசி நான்கு: கடவுள் மனிதரின் செயலை அறிகிறார், பலன் தருகிறார், மேசியா வருவார், இறந்தோர் எழுவார்கள்.

இதைக்கூட எல்லாரும் ஏற்கவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் யோசேப் அல்போ, மூன்றே போதும் என்றார்: கடவுள் உண்டு, வெளிப்பாடு உண்டு, நன்மை தீமைக்குப் பலன் உண்டு. அறிஞர் அபிராவனேலோ, தோராவில் ஒன்றை அடிப்படை, மற்றதைக் கிளை என்று பிரிப்பதே தவறு என்று முடித்தார். இத்தனைக்குப் பிறகும் 13 கொள்கைகளைச் சுருக்கிய "யிக்தால்" பாட்டு ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது. பாடுவார்கள், விவாதமும் செய்வார்கள்.

பத்துக் கட்டளைதான் சாரம் என்பதை ரபிகள் (யூத மத ஆசான்கள்) வேண்டுமென்றே தடுத்தார்கள். ஆலய காலத்தில் குருக்கள் தினமும் காலையில் "இஸ்ரேலே, கேள்" என்று தொடங்கும் ஷேமாவோடு பத்துக் கட்டளைகளையும் ஓதினார்கள். மிஷ்னாவின் தாமித் 5:1 இதைச் சொல்கிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த நாஷ் பாப்பிரஸ் என்ற எபிரேயச் சுவடியிலும் இரண்டும் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. "சீனாயில் கொடுத்தது இந்தப் பத்து மட்டும்தான்" என்று சிலர் வாதிடத் தொடங்கியதும், தினசரி வழிபாட்டிலிருந்து அதை எடுத்துவிட்டதாக, மிஷ்னா மீதான விவாதத் தொகுப்பான எருசலேம் தல்மூத் (பெராகோத் 1:5) காரணம் காட்டுகிறது.

எண்ணும் முறையும் வேறு. தமிழ்நாட்டில் சி.எஸ்.ஐ. சபைக்காரரும் கத்தோலிக்கரும் பத்துக் கட்டளைக்கு வேறு வேறு வரிசை எண் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். யூத வரிசை இரண்டோடும் ஒட்டாது. அவர்களுக்கு முதலாவது "உன்னை எகிப்து தேசத்திலிருந்து, அடிமைத்தன வீட்டிலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்பது. வடிவில் அது கட்டளையே இல்லை, அறிமுகம். உலகத்தைப் படைத்தவன் என்று சொல்லிக்கொள்ளாமல் அடிமைகளை மீட்டவன் என்று கடவுள் தன்னைச் சொல்கிறார். நம்பிக்கையின் மையம் எது என்று கேட்டால் நான் இந்த வரியைத்தான் காட்டுவேன்.

613 என்ற எண் வேதத்தில் கிடையாது. மூன்றாம் நூற்றாண்டு ரபி சிம்லாயின் கூற்றாக பாபிலோனியத் தல்மூதில் (மக்கோத் 23ஆ) வருகிறது: ஆண்டின் நாள்களுக்கு ஈடாக 365 "செய்யாதே", உடலின் உறுப்புகளுக்கு ஈடாக 248 "செய்". எபிரேயத்தில் எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு; "தோரா" என்ற சொல்லைக் கூட்டினால் 611. மோசே வழியாக வராமல் மக்களே நேரில் கேட்டதாகச் சொல்லும் முதல் இரண்டு கட்டளைகளைச் சேர்த்தால் 613. பிறகு பட்டியல் போட்டவர்கள் எவை எவை என்பதில் ஒத்துப்போகவில்லை. மைமோனிதேஸின் பட்டியலில் பலவற்றை ரபி நக்மனிதேஸ் மறுத்தார். பலியும் ஆலயமும் சார்ந்தவை இன்று செய்ய முடியாதவை. இஸ்ரேலுக்கு வெளியே வாழும் ஒருவருக்கு இன்று பொருந்துபவை 77 "செய்", 194 "செய்யாதே" என்று ஹாபேத்ஸ் ஹாயிம் என்று அழைக்கப்பட்ட ரபி கணக்கிட்டார். 613ஐயும் தினமும் கடைப்பிடிக்கிறார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

தினமும் நடப்பது ஷேமா. "இஸ்ரேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" (உபாகமம் 6:4). காலை ஒருமுறை, இரவு ஒருமுறை. முழு ஷேமா மூன்று பத்திகள்: உபாகமம் 6:4–9, 11:13–21, எண்ணாகமம் 15:37–41. இதில் முதல் இரண்டையும் தோலில் எழுதிச் சுருட்டிக் கூட்டில் வைத்து நிலைக்காலில் அடிப்பதுதான் மெசூசா. மொத்தம் 22 வரி, 713 எழுத்து. உள்ளே நுழையும்போது வலப்பக்க நிலையில், உயரத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு தொடங்கும் இடத்தில் வைப்பார்கள். அஷ்கெனாசியர் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி யூதர்) மேல்முனை அறைக்குள் சாயும்படி சாய்த்து வைப்பார்கள்; செஃபார்தியர் (ஸ்பெயின் வழி யூதர்) நேராக.

மெசூசா கெட்டுப்போவது எழுத்தில்தான். ஓர் எழுத்து உடைந்தாலோ, பக்கத்து எழுத்தைத் தொட்டாலோ செல்லாது. எழுதும்போது ஓர் எழுத்தை விட்டுவிட்டுப் பிறகு இடைச்செருக முடியாது, ஏனென்றால் எழுத்துகள் வரிசைப்படியே எழுதப்பட வேண்டும். ஜெபக்கூடத்தில் வாசிக்கும் தோராச் சுருளுக்கு (304,805 எழுத்து) இந்த வரிசைக் கட்டுப்பாடு இல்லை, அதில் திருத்தலாம். ஆனால் இரண்டிலுமே கடவுள் பெயரை அழிக்கக் கூடாது. வெயிலும் ஈரமும் மையை உதிர்க்கும் என்பதால் வீட்டு மெசூசாவை ஏழு ஆண்டில் இருமுறை எடுத்துச் சரிபார்ப்பது விதி. அழகான கூடு வாங்கி உள்ளே அச்சடித்த தாள் வைப்பது சுற்றுலாக் கடைகளில் சகஜம்; அது மெசூசா ஆகாது.


மண்வெட்டி:

கல்லெழுத்து எழுதியதில் பெரும்பகுதி சரி. ஆனால் பாபிலோனிலிருந்து திரும்பிய கையோடு எல்லாரும் தோராப்படி வாழத் தொடங்கிவிட்டார்கள் என்ற தோற்றம் வருகிறது. அகழாய்வு அப்படிச் சொல்லவில்லை.

எகிப்தில் அஸ்வானுக்கு எதிரே நைல் ஆற்றுத் தீவு எலிஃபண்டைன். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அங்கே பாரசீகருக்குக் கூலிப்படையாக இருந்த யூதர்களின் அராமேயக் கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அவர்களுக்கு அங்கேயே யாஹோவுக்கு, அதாவது யாவேக்கு, ஓர் ஆலயம், பலியோடு. பலி எருசலேமில் மட்டும்தான் என்ற விதியை அவர்கள் கேள்விப்பட்டதாகவே தெரியவில்லை. கி.மு. 410இல் க்னூம் தெய்வத்தின் பூசாரிகள் தூண்டுதலில் அது இடிக்கப்பட்டது. 407இல் மறுபடி கட்ட உதவி கேட்டு யூதாவின் ஆளுநர் பகோஹிக்கே மனு எழுதினார்கள், கூச்சமே இல்லை. அனுமதி ஒரு சிறு குறிப்பு வடிவில் வந்தது, தானியக் காணிக்கைக்கும் தூபத்துக்கும். தகனபலி அதில் இல்லை. அத்தனைக் கடிதங்களிலும் மோசே என்ற பெயரோ தோரா என்ற சொல்லோ ஓரிடத்திலும் வரவில்லை.

எருசலேமிலும் அப்படித்தான். பாரசீகர் காலத்து "யெஹூத்" (யூதா மாகாணத்தின் பெயர்) வெள்ளிக் காசுகளில் மனிதத் தலையும் ஆந்தையும் இருக்கின்றன. அக்கால எருசலேமின் மீன் எலும்புகளில் கெளுத்தி இருக்கிறது. செதில் இல்லாத மீன் என்பதால் லேவியராகமம் 11 தடுக்கும் மீன். இந்த நிலை தெளிவாக மாறுவது கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஹஸ்மோனியர் என்ற யூத அரச குடும்பத்தின் ஆட்சியில். அவர்கள் காசில் மனித உருவம் கிடையாது. படிக்கட்டு வைத்து வெட்டிய மிக்வே என்ற தூய்மைக் குளியல் தொட்டிகள் அப்போதிலிருந்து ஊர் ஊராக வருகின்றன. அதற்கு நீர் மழையிலிருந்தோ ஊற்றிலிருந்தோ தானாக வந்து சேர வேண்டும், குடத்தில் மொண்டு ஊற்றியது ஆகாது. அதனால் கட்டட அமைப்பைப் பார்த்தே அடையாளம் காணலாம்.

"யூத மதம்" என்று பொருள்படும் கிரேக்கச் சொல் "யூதாயிஸ்மோஸ்" முதலில் தென்படுவதும் இந்தக் காலத்து நூலான 2 மக்கபேயரில்தான். எபிரேய வேதத்தில் அந்த மதத்துக்கென்று ஒரு பெயரே இல்லை.


தேடல்:

நன்றி, மூவருக்கும். அப்படியானால் ஒரே ஆண்டு கொடுக்காமல், பெயர், கடவுள் கொள்கை, நடைமுறை மூன்றுக்கும் தனித்தனிக் காலம் கொடுப்பதே சரி என்று புரிகிறது. "பழைய ஏற்பாடு மட்டும்" என்ற கேள்வி நிற்கிறது. கூடவே இரண்டு: "யேகோவா" என்பது அவர்கள் சொல்லும் பெயரா? கி.பி. 70இலேயே கொச்சிக்கு வந்தார்கள் என்பதற்குச் சான்று உண்டா?


ஓலைச்சுவடி:

"பழைய ஏற்பாடு மட்டும்" என்று எழுதினால் தவறு. அவர்கள் வேதத்தின் பெயர் தனக். புராட்டஸ்டன்ட் பழைய ஏற்பாட்டின் அதே 39 நூல்களை 24ஆக எண்ணுகிறார்கள், வரிசையும் வேறு: மல்கியாவில் முடியாமல் நாளாகமத்தில், "எருசலேமுக்குப் போகலாம்" என்ற சைரஸின் அறிவிப்போடு முடிகிறது.

அதைவிடப் பெரிய விஷயம் வாய்மொழித் தோரா, அதாவது வாய்வழியாக வந்த சட்ட விளக்கம். கி.பி. 70இல் ரோமர் இரண்டாம் ஆலயத்தை அழித்தபின் பலியும் குருக்களும் இல்லாமல் மதம் நிலைத்தது இதனால்தான். யோகனான் பென் சக்காய் யாவ்னே ஊரில் தொடங்கிய கல்விமரபு, சுமார் 200இல் யூதா ஹனாசி தொகுத்த மிஷ்னாவில் வந்து சேர்ந்தது: 6 பிரிவு, 63 பகுதி. அதன்மேல் எழுந்த விவாதம் தல்மூத். பாபிலோனியத் தல்மூதின் வழக்கமான பதிப்பில் 2,711 ஏடுகள். நாளுக்கு ஓர் ஏடு படிக்கும் "தஃப் யோமி" திட்டம் 1923இல் தொடங்கியது, ஒரு சுற்றுக்கு ஏழரை ஆண்டு ஆகும்.

வேறுபாடு எங்கே தெரியும் என்றால், "கண்ணுக்குக் கண்" என்ற வரியில். மிஷ்னாவின் பாபா கம்மா 8:1 இதைப் பண ஈடாகத்தான் வாசிக்கிறது. அதுவும் ஐந்து தலைப்பில்: ஊனம், வலி, மருத்துவச் செலவு, வேலை இழப்பு, அவமானம். மூலவரியை மட்டும் படித்துவிட்டு யூதச் சட்டம் பழிக்குப் பழி என்று எழுதும் பிழை தமிழ்க் கட்டுரைகளில் ஓயாமல் வருகிறது. வாய்மொழி மரபை மறுத்து வேதத்தை மட்டும் ஏற்கும் ஒரு பிரிவு உண்டு, கராயர்கள். சிறு கூட்டம். அந்த வாக்கியம் அவர்களுக்கு வேண்டுமானால் பொருந்தும்.


அரிசிப்பானை:

ஓலைச்சுவடி சொன்னதற்கு ஷப்பாத் என்ற சனிக்கிழமை ஓய்வுநாளைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. வேதம் பொதுவாக "வேலை செய்யாதே" என்றுதான் சொல்கிறது. எது வேலை? மிஷ்னா (ஷப்பாத் 7:2) 39 என்று எண்ணிக் கொடுக்கிறது. முதல் 11, ரொட்டி செய்யும் வரிசை: விதைத்தல், உழுதல், அறுத்தல், கட்டுக் கட்டுதல், போரடித்தல், தூற்றுதல், பொறுக்குதல், அரைத்தல், சலித்தல், பிசைதல், சுடுதல். நம்மூர்க் களத்துமேட்டையும் அடுப்படியையும் தாண்டாத பட்டியல்! அடுத்த 13 கம்பளியும் துணியும், 9 தோலும் எழுத்தும், பிறகு கட்டுதல் இடித்தல், தீ அணைத்தல் மூட்டுதல், கடைசிச் சுத்தியடி, தெருவுக்குச் சுமந்து செல்லல்.

உடல் உழைப்பு இங்கே கணக்கில்லை. வீட்டுக்குள் கனமான மேசையை நகர்த்தலாம். இரண்டு எழுத்து எழுதக் கூடாது. அதிகம் தவறுவது "பொறுக்குதல்" விஷயத்தில்தான். அரிசியில் கல் பொறுக்குவது தடை. அரிசியை மட்டும் கையால் எடுத்து உடனே உண்பதற்கு வைத்துக்கொண்டால் தடையில்லை. அதாவது கெட்டதை நல்லதிலிருந்து பிரிக்கக் கூடாது. நல்லதைக் கெட்டதிலிருந்து, கையால், அந்த வேளைக்கு மட்டும் எடுக்கலாம். சல்லடையோ முறமோ தொட்டால் அது வேலை. மீன் முள் இதில் பெரிய சிக்கல். முள்ளில்லாமல் முன்னாளே அரைத்துச் செய்யும் "கெஃபில்டே ஃபிஷ்" சனிக்கிழமைச் சாப்பாட்டில் இடம்பிடித்ததற்கு இதையே ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

சமையல் எல்லாம் வெள்ளிக்கிழமை முடிந்துவிட வேண்டும். பல ஊர்களில் சூரியன் மறைய 18 நிமிடத்துக்கு முன் விளக்கு, எருசலேமில் வழக்கமாக 40 நிமிடம். சனி இரவு மூன்று விண்மீன் தெரிந்தால் முடிவு. உயிருக்கு ஆபத்து என்றால் இந்த 39உம் விலகும். விலக்கலாம் என்பதல்ல, விலக்கியே ஆக வேண்டும்.


கல்லெழுத்து:

மண்வெட்டியின் திருத்தத்தை ஏற்கிறேன். மீதி இரண்டு கேள்விக்கு.

"யேகோவா" அவர்கள் சொல்லும் பெயர் அல்ல. மூலத்தில் யோத்–ஹே–வாவ்–ஹே என்ற நான்கு மெய்யெழுத்து. உச்சரிக்கக் கூடாது என்பதால் வாசிக்கும்போது "அதோனாய்", அதாவது என் ஆண்டவர், என்பார்கள். வேதப் பாடத்தைப் பேணிய அறிஞர்களான மசோரேத்தர் உயிர்க்குறிகள் சேர்த்தபோது, வாசகருக்கு நினைவூட்ட அதோனாயின் உயிர்க்குறிகளை அந்த நான்கு மெய்களுக்கு இட்டார்கள். இரண்டையும் கலந்து படித்த ஐரோப்பியரால் வந்தது யேகோவா. தமிழ் வேதாகமத்தின் "கர்த்தர்", கத்தோலிக்கப் பதிப்பின் "ஆண்டவர்" இரண்டுமே யூத வாசிப்பு மரபுக்குத்தான் பக்கம். பேச்சில் அவர்கள் "ஹஷேம்" என்பார்கள். "அந்தப் பெயர்" என்று பொருள்.

கொச்சி, கி.பி. 70: அது அவர்களுடைய மரபு வரலாறு, ஆவணம் இல்லை. கையில் இருக்கும் பழைய சான்று கி.பி. 849ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு. ஒரு கிறிஸ்தவத் தேவாலயத்துக்கான கொடை அது; ஆனால் சாட்சிக் கையெழுத்துகளில் சில எபிரேய எழுத்தில், யூத–பாரசீக மொழியில் இருக்கின்றன. யூதர்களுக்கே கொடுத்த செப்பேடு சுமார் கி.பி. 1000, சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்துகொண்டு யூதத் தலைவர் யோசேப் ரப்பானுக்கு அளித்தது: அஞ்சுவண்ணம் (ஒரு வணிகக் குழு), 72 உரிமைகள், பல்லக்கு, குடை உட்பட. எழுத்து வட்டெழுத்து. கல்வெட்டுத் தமிழ் பழகியவர்கள் பெரும்பகுதியைத் தாமே படித்துவிடலாம். மட்டாஞ்சேரி பரதேசி சினகாக் (யூத ஜெபக்கூடம்) 1568இல்தான் கட்டப்பட்டது. அதை "முதலாம் நூற்றாண்டுக் கோயில்" என்று பயணக் கட்டுரைகளில் போடுகிறார்கள், அதை எடுத்தாளாதீர்கள்.